கல்லாக இறுகும் பிரேக் பெடல்... பழைய காரின் ‘பவர் பிரேக்’ பலவீனத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்!

மலைப்பாதையில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஒரு பழைய வழக்கம் உண்டு. இறக்கம் தொடங்கியதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, சாவியைத் திருகி இன்ஜினை அணைத்துவிடுவார்கள். வண்டி தன் எடையிலேயே உருண்டு இறங்கும். அந்தக்கால டிரைவர்கள் பலர் இதை ஒரு கெட்டிக்காரத்தனமாகவே இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவர்கள் ஓட்டிப் பழகிய ஆரம்பகால அம்பாசடர்களில் பவர் பிரேக் கிடையாது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரைவரின் கால் பலம்தான் பிரேக்கின் பலம். இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெடலை மிதிக்க அதே பலம்தான் வேண்டும். அப்போதும் அது ஆபத்தான பழக்கம்தான். ஆனால், பவர் பிரேக் உள்ள ஒரு காரில் அதே வேலையைச் செய்தால் கதையே வேறு. முதல் ஓரிரு மிதிகள் சரியாக இருக்கும். அதற்கு அடுத்த மிதியில் பெடல் கல்லாக இறுகிவிடும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையிலோ, 40 வளைவுகள் கொண்ட வால்பாறை சாலையிலோ அந்த மூன்றாவது மிதி எங்கே வரும் என்று சொல்ல முடியாது.

இன்ஜினை அணைத்தால்தான் இப்படி ஆகும் என்றில்லை. 20, 30 வருடப் பழைய காரில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பவர் பிரேக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் இழக்கலாம். தினமும் ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. கால் தானாகவே பழகிவிடும். ஒருநாள் வேறு யாராவது வண்டியை எடுக்கும்போதுதான், ‘என்ன இது, பிரேக்கே பிடிக்கலையே?’ என்ற கேள்வி வரும்.

அப்பா ஆசையாக வைத்திருக்கும் காராக இருக்கலாம், சமீபத்தில் வாங்கிய ‘கிளாசிக்’ காராக இருக்கலாம். பிரேக்கில் குறை எங்கே என்று ஓரளவு கண்டுபிடிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு கால், ஒரு காது, பத்து நிமிட நேரம் போதும்.

மிதிப்பது கால்... அழுத்துவது காற்று!

பானெட்டைத் திறந்ததும், டிரைவர் சீட்டுக்கு நேர் முன்னால், சின்ன தோசைக்கல் அளவில் கறுப்பு நிற வட்டமான தகர டப்பா ஒன்று தெரிந்தால், அந்தக் காரில் பவர் பிரேக் இருக்கிறது என்று பொருள். அதுதான் பிரேக் பூஸ்டர். சில மெக்கானிக்குகள் ‘செர்வோ’ என்பார்கள். அதன் முன்பக்கத்தில் மாஸ்டர் சிலிண்டர் பொருத்தப்பட்டிருக்கும். பக்கவாட்டில் ஒரு தடித்த ரப்பர் ஹோஸ் கிளம்பி இன்ஜினுக்குப் போகும்.

பூஸ்டருக்குள் ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். அது டப்பாவை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. பெட்ரோல் இன்ஜின் ஓடும்போது காற்றை உறிஞ்சும் இல்லையா, அந்த உறிஞ்சல் ஹோஸ் வழியாக வந்து இரண்டு அறைகளிலும் உள்ள காற்றை இழுத்துவிடும். இதைத்தான் ‘வேக்குவம்’ என்கிறார்கள். பெடலை மிதித்ததும் ஒரு வால்வு திறந்து, டிரைவர் பக்க அறைக்குள் மட்டும் வெளிக்காற்றை விடுகிறது. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் கிட்டத்தட்ட வெற்றிடம். காற்று டயாஃப்ரத்தைத் தள்ள, அது மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது.

காற்றுக்கு அவ்வளவு பலமா? கணக்கு போட்டுப் பார்க்கலாம். கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தைக் காற்று சுமார் 1 கிலோ எடையுடன் அழுத்துகிறது. நல்ல இன்ஜின் அதில் பாதிக்கும் மேல், சுமார் 0.6 கிலோ அளவுக்கு வித்தியாசத்தை உண்டாக்கிவிடும். 23 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயாஃப்ரத்தின் பரப்பு சுமார் 415 சதுர சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 250 கிலோ! டிரைவரின் காலுக்குத் துணையாக வந்து நிற்கும் பலம் இது. பூஸ்டர் செயலிழந்தால் இந்த 250 கிலோவும் காணாமல் போகும். பிரேக் அறவே பிடிக்காது என்றில்லை. ஆனால், முழு உடல் பலத்தையும் கொடுத்து மிதித்தால்தான் வண்டி நிற்கும்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் டிவாண்டர் 1920-களிலேயே இந்த வேக்குவம் செர்வோவை உருவாக்கினார். அமெரிக்காவின் பியர்ஸ் ஆரோ கார்களில் 1928-லேயே வேக்குவம் பிரேக் வந்துவிட்டது. ஏறக்குறைய நூறு வருடம் ஆன தொழில்நுட்பம். அதனால்தான் இதைச் சோதிக்கும் முறைகளும் அவ்வளவு எளிமையாக இருக்கின்றன.

பெடல் சொல்லும் செய்தி

‘பிரேக் சரியில்லை’ என்று மெக்கானிக்கிடம் பொதுவாகச் சொன்னால், அவர் முதலில் கை வைப்பது பிரேக் ஷூவிலோ பேடிலோதான். புதுசு மாற்றியும் பிரச்னை அப்படியே இருக்கும். பெடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கவனித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

கல்லாக இறுகியிருக்கிறது, வண்டி நிற்க மறுக்கிறது: சந்தேகம் முதலில் பூஸ்டர், ஹோஸ், வேக்குவம் மீது விழ வேண்டும்.

பஞ்சு மாதிரி அமுங்குகிறது: பிரேக் லைனில் காற்று புகுந்திருக்கலாம். பூஸ்டருக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது.

பாதி தூரம் போன பிறகே பிடிக்கிறது, இரண்டாவது முறை மிதித்தால் மேலே வருகிறது: டிரம் பிரேக் உள்ள கார்களில் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கலாம்.

மிதித்துப் பிடித்திருந்தால் மெதுவாகத் தரை வரை இறங்குகிறது: மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர்கள் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ பிரேக் ஆயில் கசிகிறது. இந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போகக் கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைப்பதே சரி.

கடைசி அறிகுறியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. பல பழைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன்தான். ஓரிடத்தில் கசிந்தால் மொத்தமும் போய்விடும். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தனித்தனி லைன் என்ற ஏற்பாடு பிறகுதான் பரவலானது.

வீட்டு வாசலில் மூன்று சோதனைகள்

வண்டியைச் சமதளத்தில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்த வேண்டும். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல் அல்லது கட்டை. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடக் கூடாது, புகை ஆபத்தானது.

சோதனை 1: பெடல் இறங்குகிறதா?

இன்ஜின் அணைந்த நிலையில் பெடலை ஐந்தாறு முறை மிதித்து விடுங்கள். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் தீர்ந்து பெடல் இறுகிவிடும். இப்போது காலை எடுக்காமல், மிதமாக அழுத்தியபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பூஸ்டர் நன்றாக இருந்தால், ஸ்டார்ட் ஆன சில விநாடிகளில் பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும். காலுக்கு அது தெளிவாகத் தெரியும். இறங்கவே இல்லையென்றால், பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை, அல்லது வந்தும் பூஸ்டர் வேலை செய்யவில்லை.

சோதனை 2: சேமித்து வைக்கிறதா?

இன்ஜினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். பெடலைத் தொடாமல் ஐந்து நிமிடம் காத்திருங்கள். பிறகு நிதானமாக ஒவ்வொரு மிதியாக மிதியுங்கள். முதல் மிதி மென்மையாகவும் ஆழமாகவும் போக வேண்டும். இரண்டாவது கொஞ்சம் உயரத்தில் நிற்கும். மூன்றாவது இன்னும் இறுகும். இதுதான் சரியான நிலை. முதல் மிதியே இறுகலாக இருந்தால், சேமித்த வேக்குவம் எங்கோ கசிந்துவிட்டது. ஹோஸில் பூஸ்டர் பக்கம் இருக்கும் ஒன்வே வால்வு, அல்லது பூஸ்டரேகூடக் காரணமாக இருக்கலாம்.

சோதனை 3: பிடித்து நிற்கிறதா?

இன்ஜின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். காலை அசைக்காமல் இன்ஜினை அணையுங்கள். அரை நிமிடம் அப்படியே இருங்கள். பெடல் அதே இடத்தில் நின்றால் நல்லது. காலை மேலே தள்ளிக்கொண்டு வந்தால், அழுத்தத்தின்போது பூஸ்டருக்குள் காற்று கசிகிறது என்று பொருள்.

இந்தச் சோதனைகளின்போது காதையும் தீட்டி வைத்துக்கொள்வது நல்லது. மிதித்த கணத்தில் ‘உஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்து அடங்கினால் அது இயல்பு. வெளிக்காற்று உள்ளே போகும் சத்தம் அது. மிதித்துப் பிடித்திருக்கும் நேரம் முழுக்க ‘உஸ்ஸ்ஸ்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தால், டயாஃப்ரமோ வால்வோ கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். கூடவே இன்ஜினின் ஐடிலிங்கும் தடுமாறினால், சந்தேகம் இன்னும் உறுதியாகிறது.

பூஸ்டரை மாற்றும் முன்...

சோதனையில் குறை தெரிந்தது. உடனே ‘பூஸ்டர் போச்சு’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பழைய கார்களுக்குப் பூஸ்டர் கிடைப்பதே சிரமம். குறை பெரும்பாலும் அதைவிட மலிவான பொருளில் ஒளிந்திருக்கும்.

முதலில் ஹோஸ். முழு நீளத்தையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு முனைகளிலும் கிளிப் இறுக்கும் இடத்தில்தான் வெடிப்பு விழும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும், உள்ளே ரப்பர் ஊறி உப்பி வழியை அடைத்திருக்கலாம். அவசரத்துக்குச் சாதாரண பெட்ரோல் டியூப் மாட்டியிருப்பதும் பழைய வண்டிகளில் சகஜம். உறிஞ்சல் அதிகமாகும்போது அது ஸ்ட்ரா போல ஒட்டிக்கொள்ளும். வேக்குவத்துக்கென்றே தயாரித்த தடித்த ஹோஸ்தான் போட வேண்டும்.

ஒற்றை மிதிக்கு நன்றாக இருந்து, அடுத்தடுத்து வேகமாக மிதித்தால் மட்டும் பெடல் இறுகுகிறதா? பூஸ்டர் மறுபடி நிரம்பத் தாமதமாகிறது என்பதற்கான அறிகுறி அது. ஹோஸ் அடைப்பு, அல்லது இன்ஜினின் குறைவான வேக்குவம் காரணமாக இருக்கலாம்.

அடுத்து ஒன்வே வால்வு. கழற்றி, ஒரு சுத்தமான டியூபை மாட்டி ஊதிப் பார்க்கலாம். பூஸ்டர் பக்கத்திலிருந்து இன்ஜின் பக்கத்துக்குக் காற்று போக வேண்டும். எதிர்த்திசையில் போகவே கூடாது. இரண்டு பக்கமும் போனாலும், எந்தப் பக்கமும் போகாவிட்டாலும் வால்வை மாற்ற வேண்டியதுதான்.

மூன்றாவது, இன்ஜின். இதை ஒர்க்‌ஷாப்பில் வேக்குவம் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். சமவெளியில், ஐடிலிங்கில், நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் இன்ஜின் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். முள் 15-க்கும் கீழே கிடந்தால், பூஸ்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. இக்னிஷன் டைமிங் தவறியிருக்கலாம். கார்புரேட்டரின் அடி கேஸ்கெட்டிலோ மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலோ காற்று கசியலாம். வால்வு இடைவெளி சரியில்லாமல் இருக்கலாம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். பிரேக் பிடிக்காததற்கு மருந்து, சில நேரம் ஒரு நல்ல டியூனிங்தான்!

டீசல் காரா? கணக்கு வேறு. பழைய டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜினைப் போலக் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் இல்லாததால், பூஸ்டருக்குத் தேவையான உறிஞ்சல் கிடைக்காது. அதற்காகத் தனி வேக்குவம் பம்ப் வைத்திருப்பார்கள். பல கார்களில் அது ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். அந்த பம்ப் தேய்ந்தாலும், அதை ஓட்டும் பெல்ட் தளர்ந்தாலும் பெடல் இறுகும்.

கசிவே இல்லை... ஆயில் மட்டும் குறைகிறது!

பிரேக் ஆயில் மாதாமாதம் குறைகிறது. சக்கரத்திலும் கசிவு இல்லை, தரையிலும் சொட்டு இல்லை. எங்கே போகிறது?

மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் தேய்ந்தால், ஆயில் வெளியே வராமல் நேராகப் பூஸ்டருக்குள் இறங்கும். அங்கிருந்து வேக்குவம் ஹோஸ் வழியாக இன்ஜினுக்குள்ளும் போய் எரியலாம். சைலன்ஸரில் வெள்ளைப் புகை வருவது அதற்கு அடையாளம். மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் தாங்காது. ஆயிலில் ஊறிய டயாஃப்ரமும் நாளடைவில் கெட்டுவிடும். இந்தக் கட்டத்தில் பூஸ்டரை மட்டும் மாற்றினால், புதியதும் சீக்கிரமே பழுதாகும். மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பூஸ்டர் பாஸ்... ஆனாலும் வண்டி நிற்கவில்லையே?

மூன்று சோதனைகளிலும் பூஸ்டர் தேறிவிட்டது. ஆனாலும் அழுத்தி மிதித்தால்தான் நிற்கிறது என்றால், குறை சக்கரத்தின் பக்கம். சூடேறிச் சூடேறி லைனிங் கண்ணாடி போல வழவழப்பாகியிருக்கலாம். வீல் சிலிண்டர் கசிந்து லைனிங்கில் ஆயில் பட்டிருக்கலாம். நாள்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில், வீல் சிலிண்டரோ கேலிப்பர் பிஸ்டனோ துருப்பிடித்து இறுகியிருக்கலாம். சக்கரத்துக்குப் போகும் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி ஆயிலைத் தடுக்கலாம். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், இவற்றில் ஒன்று ஏதோ ஒரு சக்கரத்தில் இருக்கிறது என்று சொல்லலாம்.

டிரம்மைத் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய லைனிங்குகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தத் தூசியை ஏர் பிடித்து ஊதுவதோ, வாயால் ஊதுவதோ கூடாது. மாஸ்க் அணிந்து, ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே பாதுகாப்பு. குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

பிரேக் ஆயிலும் காலத்துக்குக் கட்டுப்பட்டதுதான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ‘டாட் 3’ வகையில், புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அதற்கான குறைந்தபட்ச அளவு 140 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் கொதிக்கும்போது, பழைய ஆயிலில் ஆவிக்குமிழ்கள் உண்டாகி பெடல் திடீரென்று கீழே போய்விடும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது நல்லது.

ஊட்டிக்குப் போனால் பூஸ்டருக்கும் மூச்சு வாங்கும்!

மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். பூஸ்டரைத் தள்ளுவதே அந்தக் காற்றுதான் என்பதால், மேலே போகப் போக அதன் பலமும் குறையும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான். சென்னையில் 18 காட்டும் அதே இன்ஜின், ஊட்டியில் 11, 12-ஐ ஒட்டித்தான் காட்டும். நல்ல பூஸ்டர் இதைச் சமாளித்துவிடும். ஏற்கெனவே கசியும் ஹோஸோடும், டியூனிங் தவறிய இன்ஜினோடும் மலை ஏறுகிற காருக்கு, மிச்சம் என்ன இருக்கும்? சமவெளியில் ‘சமாளிக்கலாம்’ என்று விட்ட குறை, மலையில் இறங்கும்போதுதான் முகத்தைக் காட்டும்.

இதற்கு மாற்று, இறக்கத்தில் வண்டியைக் கியரிலேயே வைத்திருப்பது. ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ, இறங்கவும் அதே கியர் என்பது பழைய விதி. கியரில் இருக்கும் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். இன்னொரு லாபமும் உண்டு. பெட்ரோல் காரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கியரில் இறங்கும்போது, இன்ஜினின் உறிஞ்சல் ஐடிலிங்கைவிட அதிகமாகும். பிரேக் அதிகம் தேவைப்படும் நேரத்தில் பூஸ்டருக்கும் அதிக வேக்குவம்!

இறக்கத்தில் இன்ஜின் நின்றுவிட்டால்?

பதற்றத்தில் பெடலைத் திரும்பத் திரும்ப மிதிப்பதுதான் எல்லோரும் செய்வது. செய்யக் கூடாததும் அதுதான். பூஸ்டரில் மிச்சமிருப்பது ஓரிரு மிதிக்கான பலம் மட்டுமே. ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் அது செலவாகிவிடும். ஒரே மிதியாக, அழுத்தமாக மிதித்து, காலை எடுக்காமல் வண்டியை ஓரம்கட்டி நிறுத்த வேண்டும். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கலாம். பெடல் இறுகிவிட்டாலும் பிரேக் முழுதாகப் போய்விடவில்லை. முதுகை சீட்டில் அழுத்திக்கொண்டு, முழு பலத்தோடு மிதித்தால் பிடிக்கும். சாவியை மட்டும் உருவிவிடக் கூடாது. ஸ்டீயரிங் லாக் உள்ள கார்களில் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டையும் குரோமியப் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன், சோதனை 1-ஐச் செய்து பார்த்துவிடுவது நல்லது. அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், வெளியூர் கிளம்புவதற்கு முந்தைய நாள் டயரில் காற்று பார்க்கும்போதே மூன்று சோதனைகளையும் முடித்துவிடலாம். ஏதாவது ஒன்றில் பெடல் தவறான பதில் சொன்னால், மலைப் பயணத்துக்கு அன்றைக்கு வேறு வண்டியை எடுங்கள். அம்பாசடர் காலத்து ஆசாமி யாராவது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ‘இறக்கம்தானே, ஆஃப் பண்ணிடு’ என்றால், சாவியின் மேல் கை வைக்காமல் சிரித்துக்கொண்டே இரண்டாவது கியருக்கு மாற்றுங்கள்!